காரணகர்த்தா வீட்டுக் கதவு

மனிதர்களில் காரணகர்த்தா என்று ஓர் இனம் உண்டு. அகராதியைப் புரட்டாதீர்கள், ஒரு காரியத்துக்குப் பொறுப்பானவர் என்று பொருள் சொல்லி அது உங்களை ஏமாற்றிவிடும். இந்தக் காரணகர்த்தா எதற்கும் பொறுப்பாக மாட்டார். காரியம் ஏன் நடக்கவில்லை என்பதற்குக் காரணம் மட்டும் வஞ்சனையில்லாமல் தருவார்.

நம்மவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். "வந்துக்கிட்டே இருக்கேங்க, சிக்னல்ல நிக்கிறேன்" என்று போர்வைக்குள்ளிருந்து சொல்வார்; மறுநாள் போய் நின்றதும், யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே, வண்டி பஞ்சரானது, பஞ்சர் கடைக்காரர் மாமனாருக்கு நெஞ்சு வலித்தது, போதாக்குறைக்கு மழை பிடித்துக்கொண்டது என்று வரிசையாக அவிழ்த்துவிடுவார். ஒரு காரணம் போதாதா? போதாது. ஒன்றை நம்பாவிட்டால் இன்னொன்று கைவசம் வேண்டுமே, ஸ்டெப்னி மாதிரி.

இப்படிப்பட்டவர் குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் வழக்குப் போட்டார். கோர்ட்டு ஆள் சம்மனோடு வந்தது எல்லாரும் கண்ணயர்ந்த மதிய வேளை. தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். அதுவோ வெளிப்பக்கம் திறக்கிற கதவு. உள்ளேயிருந்து ஒரு தள்ளு தள்ளினால் வெளிச்சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும். கூடத்தில் மனைவி பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பதால், அந்த மதியத் தூக்க நேரம் தவிர, இருட்டும் வரை அது திறந்தே கிடக்கும். சம்மன் பாட்டுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருநாள் குடும்பத்தோடு கல்யாணத்துக்குக் கிளம்பி, வெளியே பூட்டுப் போடப் போனபோதுதான் கண்ணில் பட்டது. அதற்குள் பதில் மனு போட வேண்டிய கெடு முடிந்துவிட்டது.

வக்கீல் கதையைக் கேட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"இதைவிட நல்ல காரணம் யாருக்குங்க கிடைக்கும்? தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடுவோம். கதவைப் பத்தி மட்டும் எழுதுங்க, போதும்."

"மன்னிக்கலைன்னா?" என்று மனைவி கேட்டார்.

"உங்க பக்கத்தைக் கேக்காமலே தீர்ப்பு வந்துடும்மா."

வழியெல்லாம் மனைவி கெஞ்சினார். "நடந்ததை நடந்தபடி எழுதுங்க. இந்த வீடு போச்சுன்னா டியூஷன் போச்சு. உங்க சிக்னலை நம்பியா குடும்பம் நடத்துறது?"

ஆனால் காரணகர்த்தாவுக்கு மனசு ஒப்பவில்லை. இத்தனை வருஷம் இல்லாததையெல்லாம் சொல்லிப் பிழைத்தவருக்கு, முதல் முறையாகச் சுளையாக ஓர் உண்மை கிடைத்தால் வெட்கமாக இருக்காதா? "கதவு திறந்திருந்துச்சு, பாக்கலைன்னா சின்னப் பிள்ளைகூட சிரிக்கும்" என்று முனகியபடி, வக்கீல் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், குமாஸ்தா பக்கத்தில் உட்கார்ந்து மனுவைச் சொல்லிச் சொல்லி அடிக்க வைத்தார். விஷக்காய்ச்சல் வந்தது. ஒன்றுவிட்ட அண்ணன் இறந்தார். கால் பிசகியது. மூக்குக்கண்ணாடி உடைந்தது. கதவுக்குத்தான் இடமில்லை. வேறொரு கோர்ட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் வக்கீலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நீதிபதியம்மா மனுவை நிதானமாகப் படித்தார்.

"அந்த வாரம் முழுக்கப் படுத்த படுக்கையா இருந்திருக்கீங்க. அதே வாரம் வெளியூர் சாவுக்கும் போயிருக்கீங்க. படுக்கையோடயே போனீங்களா?"

கோர்ட்டே சிரித்தது. வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். நீதிபதியம்மா பேனாவை எடுப்பதைப் பார்த்ததும், பின் பெஞ்சிலிருந்து மனைவி எழுந்தேவிட்டார்.

"அம்மா, அதெல்லாம் பொய்யிம்மா! சம்மன் கதவுல இருந்துச்சு, கதவு வெளிப்பக்கமாத் திறந்து சுவரோட கிடந்துச்சு, நாங்க பாக்கவே இல்லம்மா!"

நீதிபதியம்மா வழக்குப் போட்ட வீட்டுக்காரரைப் பார்த்தார். "அந்தக் கதவு வெளிப்பக்கமா திறக்கும்?"

"ஆமாங்கம்மா," என்றார் வீட்டுக்காரர் பெருமையாக. "நானே பக்கத்துல நின்னு வெச்சது. உள்ளே இடத்தை அடைக்காது பாருங்க!" அவருடைய வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

"உங்க மனைவி சொல்றது உண்மையா?" நீதிபதியம்மா நம்மவரிடம் திரும்பினார். "ஒரே வார்த்தை. ஆமாவா, இல்லையா?"

ஒரே வார்த்தையா! அவருக்கா? "அது வந்துங்கம்மா, ஏன்னா அந்தக் காய்ச்சல்..." என்று வாய் தானாகவே கிளம்பியது. திரும்பினார். மனைவி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சலை விழுங்கினார். அண்ணனை விழுங்கினார். கண்ணாடியையும் காலையும் சேர்த்து விழுங்கினார்.

"ஆமாங்க."

"இதை முதல்லயே எழுதுறதுக்கென்ன? கதவுக்காக மன்னிக்கிறேன். மிச்சத்தையெல்லாம் அடிச்சுடுங்க. இனிமே கோர்ட்டுல பொய் எழுதினா உள்ளே போக வேண்டியிருக்கும்."

வராந்தாவில் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கல்யாணமான நாள்லேருந்து இன்னைக்குத்தாங்க ஒழுங்கா ஒரு வார்த்தை பேசியிருக்கீங்க."

"அதுவா? தொண்டை கட்டிக்கிச்சு. காலையிலேருந்து பல்வலி வேற. அதோட அந்த மைக்கு..."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். அப்படியே ஒரு நடை எழுந்துபோய், உங்கள் வீட்டுக் கதவின் அந்தப் பக்கத்தையும் பார்த்துவிட்டு வாருங்களேன். என்ன, எங்கள் கதவு உள்பக்கம்தான் திறக்கும் என்கிறீர்களா? இப்போதுதான் உட்கார்ந்தீர்களா? முழங்கால் வேறு வலிக்கிறதா?

ஒரு காரணம் போதாதா?