சிப்ளாக்கட்டை சார் நடத்திய இங்கிலீஷ் பஜனை

இங்கிலீஷ்காரன் அத்தனை காலம் ஆண்டும் எங்கள் வாயில் நுழைக்க முடியாத இங்கிலீஷை, ரெண்டு மரக்கட்டையை வைத்துக்கொண்டு நுழைத்துக் காட்டிய ஒரே மனிதர் சிப்ளாக்கட்டை சார்தான். எந்தக் கோயிலுக்கு வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன்.

சிப்ளாக்கட்டை என்றால், கதாகாலட்சேபக்காரர்களும் பஜனை பாடுகிறவர்களும் ஒரு கையில் பிடித்துத் தட்டுவார்களே, சலங்கை வைத்த ஜோடிக் கட்டை, அதுதான். பாகவதர் தட்டினால் நமக்குக் கண்ணை மூடத் தோன்றும். சார் தட்டினால் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

சார் எங்கள் ஊருக்கு வருவதற்கு முன்னால் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். பரீட்சையில் நல்ல மார்க் வாங்குகிற பையனுக்குக்கூட, தாகமாயிருக்கிறது, தண்ணீர் கொடுங்கள் என்று இங்கிலீஷில் கேட்கத் தெரியவில்லையே என்பது அவருக்குத் தீராத வருத்தம். ஒரு மார்கழியில் பஜனைக்குப் போயிருக்கிறார். அங்கே தெலுங்கில் ஓர் எழுத்து தெரியாத ஜனங்கள், தெலுங்குக் கீர்த்தனையை வரிக்கு வரி வாங்கிப் பாடிக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். சார் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டாராம். "தெலுங்கு இப்படி வருதுன்னா, இங்கிலீஷ் மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?"

மறுநாளே வகுப்புக்குள் சிப்ளாக்கட்டையோடு நுழைந்தார். அவர் ஒரு வரி பாட, பையன்கள் வாங்கிப் பாட, சுவருக்கு அந்தப் பக்கம் கணக்குப் பாடத்தில் இருந்த பையன்களும் சேர்ந்துகொள்ள, கணக்கு வாத்தியார் சாக்பீஸைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். ஹெட்மாஸ்டர் ஓடி வந்து, "இது பள்ளிக்கூடமா, பஜனை மடமா?" என்று கத்தினார். வேறு யாராக இருந்தாலும் தலையைக் குனிந்திருப்பார்கள். சார் நிஜமாகவே யோசித்தார். "நீங்க சொல்றதுதான் சரி சார். பஜனை மடம்தான் இதுக்குத் தோதான இடம்" என்று சொல்லி, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறிவிட்டார்.

வந்து இறங்கியது எங்கள் ஊரில். எழுபதுகளின் ஆரம்பம் அது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. நேற்று வரை நாற்று நட்ட நாங்கள் காக்கி மாட்டிக்கொண்டு ஹெல்பர்களாக நின்றோம். எல்லோரும் தற்காலிகம். மேனேஜர் பம்பாய்க்காரர், தமிழ் சுத்தமாகத் தெரியாது. வெளிநாட்டிலிருந்து பெரிய மெஷின் ஒன்று வருகிறது, கூடவே அந்த ஊர் இன்ஜினியரும் வருகிறார், இங்கிலீஷ் புரிகிறவனை மட்டும் அவரோடு போட்டு நிரந்தரம் ஆக்குவோம், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று ஒருநாள் அறிவித்துவிட்டார்.

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு. வீட்டில் ரெண்டு பெண் குழந்தைகள். என் சம்சாரம் உடனே திருவள்ளூர் வீரராகவப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டாள், வேலை நிரந்தரமானால் அமாவாசைக்கு வந்து குளத்தில் வெல்லம் கரைக்கிறோம் என்று. பெருமாள் பாரத்தை ஏற்றுக்கொண்டு, சாரை அனுப்பினார் என்பதுதான் இன்றுவரை என் நம்பிக்கை.

எங்கள் பஜனை மடம் சனிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் சும்மாதான் கிடக்கும். எங்கள் கஷ்டத்தைக் கேட்டு, நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று சார் சொல்ல, ஷிப்டு விட்டதும் அங்கே கூடினோம். பலகை இல்லை, புத்தகம் இல்லை, ஏபிசிடி இல்லை. சார் எங்கள் நடுவில் சுற்றிச் சுற்றி வந்து கட்டையைத் தட்டினார். "லிஃப்ட் இட் அப்!" என்று பாடினார். நாங்கள் கையை உயர்த்தி "லிஃப்ட் இட் அப்!" என்று வாங்கினோம். "புட் இட் டவுன்!" அத்தனை பேரும் குனிந்து இறக்கினோம். "ஸ்லோலி, ஸ்லோலி!" என்றபோது நடனம் மாதிரியே ஆகிவிட்டது.

ஜன்னலில் பெண்கள் கூட்டம். என் சம்சாரம் கேட்டாள், "இன்னாய்யா இது, வேலைக்குப் படிக்கிறியா, கூத்து கட்டப் போறியா?" ஆனால் நாலே நாளில், நான் சோற்றை அள்ளிப் போட்டுக்கொள்ளும்போது அவளே "ஸ்லோலி, ஸ்லோலி" என்றாள்!

எங்களில் தேவசகாயம் மட்டும் மடத்துக்குள் வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றான். "சார், நான் வேதக்காரன். பஜனை மடத்துல வந்து பாடினா பாதர் இன்னா சொல்வாரு?"

"உங்க கோயில்ல பாதர் சொல்றதை நீங்க எல்லாரும் சேர்ந்து திருப்பிச் சொல்றதில்லையா?"

"சொல்வோமே!"

"அதுதாம்பா இது. வாசல்ல நின்னே சொல்லு. இங்கிலீஷுக்கு எந்த வாசலும் ஒண்ணுதான்."

அவன் வாசலில் நின்று சொல்ல ஆரம்பித்தான். கோயில் பாட்டில் பழகிய குரல். ரெண்டு தெரு தாண்டிக் கேட்கும்.

சாருக்கு ஒரே ஒரு சட்டம்தான். வரியை வாங்காமல் எவனாவது வாயை மூடிக்கொண்டிருந்தால், அவர் திட்டமாட்டார், அடிக்கமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நிற்பார். அவன் சொல்கிற வரைக்கும் உலகமே நிற்கும். அதற்குப் பயந்தே எங்களுக்கு வாங்கிச் சொல்வது மூச்சு மாதிரி ஆகிவிட்டது. ஒருநாள் டீக்கடையில் சார், "ஒன் டீ ப்ளீஸ்" என்றார். பெஞ்சில் இருந்த எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் "ஒன் டீ ப்ளீஸ்!" என்றோம். டீ மாஸ்டர் மிரண்டுபோய் வரிசையாக கிளாஸை அடுக்கிவிட்டார். "நைனா, இனிமே கூட்டமா வராதீங்க, ஒத்தை ஒத்தையா வாங்க. எனக்குப் பேஜாரா கீது" என்று சாரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

இன்டர்வியூ நாள் வந்தது. திருமண் இட்டுக்கொண்டு முதல் ஆளாக நான் போனேன்.

"குட் மார்னிங்" என்றார் மேனேஜர்.

"குட் மார்னிங்" என்றேன். அற்புதமான ஆரம்பம்.

"ப்ளீஸ் சிட் டவுன்."

எனக்கு அர்த்தம் நன்றாகத் தெரியும். ஆனால் புத்திக்கு முன்னால் வாய் ஓடிவிட்டது. சார் சொல்லிக்கொடுத்தபடி கையைத் தாழ்த்திக் காட்டி, "ப்ளீஸ் சிட் டவுன்" என்றேன். அவர் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார். குழம்பிப்போய் நாற்காலியைச் சரிசெய்துகொண்டு, "வேர் டூ யூ லிவ்?" என்று கேட்டார். நானும் அக்கறையாக, "வேர் டூ யூ லிவ்?" என்று கேட்டேன். "ஆர் யூ மேட்?" என்றார். பெருமாளே, அதையும் நான் விடவில்லை.

எனக்கு அடுத்து தேவசகாயம் போனான். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து "கெட் அவுட்!" என்று மேனேஜர் குரல் கேட்டது. அதைத் தொடர்ந்து, அதைவிடக் கணீரென்று, "கெட் அவுட்!" என்று இவன் குரல் கேட்டது.

ஒருத்தன் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் வேலை போச்சு. ஆபீஸ் குமாஸ்தாக்களில் நாலு பேரை இன்ஜினியருக்குத் துணையாக எடுத்துக்கொண்டார்கள். எங்களை மறுநாள் மெஷினை இறக்க மட்டும் கூலியாளாக வரச் சொன்னார்கள். அதோடு கணக்கு முடிந்தது.

சாயங்காலம் மடத்தில் சாரிடம் சொன்னோம். எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சார் கட்டையைக் கீழே வைத்தார். அதை அவர் தரையில் வைத்து நாங்கள் பார்த்ததேயில்லை. "வாங்கிச் சொல்லத்தான் சொல்லிக்கொடுத்தேன். பதில் சொல்லச் சொல்லிக்கொடுக்கலையே. உங்க பொழைப்பைக் கெடுத்துட்டேனே" என்றார். என் சம்சாரம் கொண்டுவந்த தயிர்சாதத்தைத் தொடவில்லை. "சாப்புடு சார். வேலை போனா இன்னா, கை கால் கீதே" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் அசையவில்லை.

மறுநாள் மெஷின் வந்தது. ஒரு வீட்டளவு மரப்பெட்டி. கீழே உருளைக் கட்டைகளைப் போட்டு, நாலு பக்கமும் கயிறு கட்டி, லாரியிலிருந்து சரிவுப் பலகை வழியாக இறக்க வேண்டும். வெளிநாட்டு இன்ஜினியர் முன்னால் நின்றார். பாவம், மெலிந்த குரல். லாரி இரைச்சலில் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. பெட்டிக்குப் பின்னால் உருளையை நகர்த்திப் போடுகிற வேலை தேவசகாயத்துக்கு. அவனுக்கு இன்ஜினியர் தலையே தெரியாது.

"புல்!" என்றார் இன்ஜினியர். துணைக்கு வந்த நாலு குமாஸ்தாவும் அதற்குத் தமிழ் யோசிப்பதற்குள், கயிறு பிடித்திருந்த நாங்கள் "புல்!" என்று சொல்லி இழுத்தே விட்டோம். "ஸ்லோலி" என்றார். "ஸ்லோலி, ஸ்லோலி!" என்று ராகத்தோடு வாங்கினோம். மேனேஜர் வாயில் விரலை வைத்து எங்களை அடக்கப் பார்த்தார். யாரால் அடக்க முடியும்?

பாதிச் சரிவில் ஒரு பலகை முறிந்தது. பெட்டி பின்பக்கமாகச் சாய்ந்தது. இன்ஜினியர் முகம் வெளுத்து, "ஸ்டாப்!" என்றார். அந்தக் குரல் எனக்கே அரைகுறையாகத்தான் விழுந்தது. ஆனால் நாங்கள் வாங்கினோமே, "ஸ்டாப்!" என்று, அது ஆகாயத்துக்குக் கேட்டிருக்கும். அத்தனை கயிறும் ஒரே நொடியில் விறைத்தது. பெட்டிக்குப் பின்னாலிருந்து தேவசகாயமும் "ஸ்டாப்!" என்று வாங்கினான். வாங்கின கையோடு காலை வெளியே இழுத்துக்கொண்டான். உருளை நழுவி, அவன் கால் இருந்த இடத்தில் போய் மோதி நின்றது.

லாரியை அணைத்துவிட்டார்கள். இன்ஜினியர் பின்னால் போய் அந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். தேவசகாயத்தின் தோளைத் தொட்டார். அப்புறம் மேனேஜரிடம் அவர் மெதுவாகப் பேசியது முழுதும் எனக்குப் புரியவில்லை. கப்பலில் இப்படித்தான், உத்தரவைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் வேலை செய்வார்கள் என்றாராம். இவர்களுக்கு யார் பயிற்சி கொடுத்தது, எனக்கு இவர்கள்தான் வேண்டும், அத்தனை பேரும் வேண்டும் என்றாராம். மேனேஜர் சரியென்று தலையாட்டி எங்களை நிரந்தரமாக்க, குமாஸ்தாக்கள் சந்தோஷமாக நிழலுக்குப் போனார்கள். முறிந்த பலகையை மாற்றியதும், மிச்சத் தூரம் மெஷின் சாமி ஊர்வலம் மாதிரி இறங்கியது. கடைசியில் அந்த இன்ஜினியருக்கே தாளம் பிடித்துப் போய்க் காலைத் தட்டிக்கொண்டு உத்தரவு போட்டார்!

சாயங்காலம் வெளியே வந்தால், கேட்டுக்கு எதிரே வெயிலில் சார். காலையிலிருந்தே நிற்கிறாராம். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. எங்கள் "ஸ்டாப்" மதிலைத் தாண்டி அவருக்குக் கேட்டிருக்கிறது. அது பாடுகிற குரல் இல்லை, பயந்த குரல் என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நாங்கள் நிரந்தரம் என்று கத்திக்கொண்டு ஓடினோம். அவர் காதில் அது ஏறவேயில்லை. "யாருக்கு அடி? யாருக்குப்பா அடி?" என்று ஒவ்வொருத்தன் கையையும் காலையும் தடவிப் பார்த்தார். தேவசகாயம், "யாருக்கும் இல்ல சார். இன்னா சார் நீ, சின்னப் புள்ள மாதிரி அழுதுக்கினு" என்று அவரைக் கட்டிக்கொண்டான்.

அதற்கப்புறம் சார் தன் பாடத்தையே மாற்றினார். அவர் கேள்வியாகப் பாடினால் நாங்கள் பதிலாகப் பாடவேண்டும். கொஞ்ச காலம் எங்களுக்கு அப்படி நடத்தினார். பிறகு அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று, மடமும் சர்ச்சும் எங்கெங்கே சும்மா கிடந்ததோ அங்கெல்லாம் போய்விட்டார்.

நிரந்தர உத்தரவு கைக்கு வந்த அமாவாசைக்குத் திருவள்ளூர் போனோம். குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு, சாருக்காக ஓர் அர்ச்சனை செய்யலாம் என்று தட்டோடு நின்றேன்.

"யார் பேருக்கு?" என்று பட்டர் கேட்டார்.

வாயைத் திறந்தேன். திகைத்துப்போய்ச் சம்சாரத்தைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். எங்கள் ரெண்டு பேருக்குமே அவர் பேர் தெரியாது.

"சார்" என்றேன்.

"சார்னா? நட்சத்திரம்?"

"அதுவும் தெரியாது சாமி. அவரு எங்க சாரு."

பட்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெருமாள் பக்கம் திரும்பி, "சார் நாமதேயஸ்ய" என்று சொல்லித் துளசியை எடுத்துப் போட்டார். இன்றைக்கும் ஒவ்வொரு அமாவாசைக்கும் அந்தப் பேரில்தான் அர்ச்சனை நடக்கிறது. யாருக்கு என்று பெருமாளுக்குத் தெரியாதா என்ன?