நிமிடத்துக்கு இருபது குமிழி

இருபத்தாறாவது திருமண நாளன்று மனைவி ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கூடத்து மேசையில் வைத்து, "பிரிச்சுப் பாருங்க" என்றபோது அவருக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி அல்ல. எதற்காக என்ற கேள்விதான்.

மருந்துக் குப்பிகளுக்கு மூடி செய்யும் தொழிற்சாலையில் அவர் தர ஆய்வாளர். ஒரு நாளைக்கு நானூறு மூடிகளைத் திருகிப் பார்த்து, இதில் எது கசியும் என்று யோசிப்பது வேலை. ஐம்பத்து நான்கு வயதுக்குள் அந்த வேலை ஆளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எதிரில் வருகிறவர் வணக்கம் சொன்னால்கூட அதை ஒரு திருகு திருகிப் பார்த்துவிட்டுத்தான் பதில் வணக்கம். அங்கே அவருக்குப் பெயர் 'சந்தேகம் சார்'. அந்தப் பெயரை யார் வைத்திருப்பார்கள் என்பதிலும் அவருக்கு மூன்று பேர்மேல் சந்தேகம் உண்டு.

பெட்டிக்குள் இருந்தது கால்சியம் ரியாக்டர்.

கூடத்தின் ஜன்னலோரச் சுவரை முழுதாக அடைத்துக்கொண்டு நின்றது அவருடைய கடல்நீர்த் தொட்டி. ஒன்பது வருட வளர்ப்பு. உள்ளே பவளங்கள், இரண்டு கோமாளி மீன்கள். பவளம் வளர வளரத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சியதைத் திருப்பி ஊற்ற வேண்டும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, இரண்டு குப்பிகளிலிருந்து அளந்து, சொட்டுச் சொட்டாக. ரியாக்டர் இருந்தால் இந்தப் பாடு இல்லை. ஓர் உருளைக்குள் பவளச் சில்லுகளைக் கொட்டி, தொட்டித் தண்ணீரை அதற்குள் ஓடவிட்டு, பக்கத்துச் சிலிண்டரிலிருந்து கரியமில வாயுவைக் குமிழி குமிழியாகச் செலுத்தினால் போதும். சில்லு கரைந்து சத்து தானே தொட்டிக்குப் போய்ச் சேரும்.

அந்தத் தொட்டியைச் 'சக்களத்தி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் அவள். சக்களத்திக்கு அவளே நகை வாங்கிவந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"எதுக்கு இது?"

"காலையில ஊத்தறீங்க, சாயங்காலம் ஊத்தறீங்க. ஒன்பது வருஷமா ஒரு ராத்திரி வெளியூர்ல தங்கினதில்ல. பாவமா இருக்கு."

"யாரைப் பார்த்து?"

"உங்களைத்தான். இனிமே மிஷின் பாத்துக்கும். நீங்க எங்க வேணும்னாலும் போகலாம்."

"எனக்கு எங்கேயும் போக வேண்டாமே."

"அண்ணன் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு."

அப்படிச் சொல்லு என்று அவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

அவள் அண்ணன் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். ஓய்வு வேலையிலிருந்துதான், விசிலிலிருந்து அல்ல. அவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால் அதிகாலை நாலரைக்குக் கட்டிலருகே விசில் ஊதும். ஏரியைச் சுற்றி இரண்டு ஓட்டம், திரும்பியதும் தண்டால், பிறகு உப்பில்லாமல் அவித்த காய். ஒன்பது வருடத்துக்கு முன்னால் இவர் மனைவியோடு ஒரு வாரம் போய்விட்டு நொண்டிக்கொண்டே திரும்பினார். அடுத்த மாதம் தொட்டி வாங்கினார். பவளத்தின் மேல் ஆசை முதலில் வந்ததா, மச்சான்மேல் பயம் முதலில் வந்ததா என்று பலமுறை தன்னையே கேட்டிருக்கிறார். பதில் தெரிந்த கேள்வி என்பதால் நாளடைவில் கேட்பதை நிறுத்திவிட்டார்.

"நான் ஊத்தறேன், நீங்க போங்க" என்று அவள் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே, அந்த வேலை எவ்வளவு கடினம் என்று பதின்மூன்று விதிகளாக எழுதித் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருந்தார். 'ஒரு சொட்டு கூடினாலும் உயிர்ச்சேதம்' என்று கடைசி வரி.

வண்ணமீன் கடைக்காரர் வந்து ரியாக்டரை அந்த அலமாரிக்குள் பொருத்தினார். ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயைக் காட்டினார். அதற்குள் தண்ணீர். அதில் குமிழிகள் ஒவ்வொன்றாக ஏறின.

"சார், நிமிஷத்துக்கு இருபது குமிழி. அவ்வளவுதான். காரத்தன்மை எட்டரையில நின்னா பவளம் சந்தோஷமா இருக்கு, ஏழுக்கு இறங்கினா சத்து போதலைன்னு அர்த்தம்."

மனைவி அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். கடைக்காரர் போனதும் சொன்னாள்.

"ரெண்டு மாசம் பாப்போம். எட்டரை எட்டரையாவே நின்னா அண்ணன் வீடு, ஒரு மாசம். இறங்கிச்சுன்னா இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். சரியா?"

"சரி."

அவர் சற்று வேகமாகவே சரி சொல்லிவிட்டார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அன்று மாலையே ஃபிரிட்ஜ் கதவில் காந்த வில்லைக்கு அடியில் ஒரு நீளமான கவர் வந்து உட்கார்ந்தது. டிக்கெட் என்று பார்த்தாலே தெரிந்தது. தொட்டால் சம்மதித்ததாக ஆகிவிடும் என்று அவர் அதைத் தொடவில்லை. மறுநாள் மச்சானிடமிருந்து தொலைபேசி.

"மாப்பிள்ளை, ஷூ சைஸ் என்ன?"

"எதுக்கு மச்சான்?"

"சொல்லுங்க மாப்பிள்ளை. ஏரிக்கரையில இப்ப ஜல்லி போட்டிருக்கான்."

மூன்றாம் நாள் காலை, மனைவி குளியலறையில் இருந்தபோது, அவர் அலமாரியைத் திறந்து சிலிண்டரை மூடினார். மூடுவது அவருக்குக் கைவந்த தொழில். கண்ணாடிக் குழாயில் குமிழி நின்றது. எட்டரை ஏழாகிற அன்றைக்கே திறந்துவிடுவதாகப் பவளங்களிடம் மனசுக்குள் வாக்குக் கொடுத்தார். அவர் பொய்யர்தான், கொலைகாரர் அல்ல.

நாலு நாள் கழித்துத் தண்ணீரைச் சோதித்தார். எட்டரை.

மேலும் ஒரு வாரம் விட்டுப் பார்த்தார். எட்டரை. சோதனை மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று புதிதாக வாங்கினார். அதுவும் எட்டரை. சிலிண்டரைத் தடவிப் பார்த்தார். மூடியபடியே இருந்தது. குமிழி ஒன்றுகூட இல்லை. பவளங்களோ, மேலும் இரண்டு விரல்கடை வளர்ந்து பளபளத்தன. ஆறாவது வாரம் அவருக்குத் தூக்கம் போயிற்று. உலகத்தில் எல்லாம் கசியும் என்று நம்பி வாழ்ந்த மனிதர், கசிய வேண்டிய ஒன்று கசியாமல் நின்றால் என்னதான் செய்வார்?

கடைக்காரரிடம் போனார்.

"வாயு இல்லாமலே இந்த மிஷின் வேலை செய்யுமா?"

"டீத்தூள் போடாம டீ வருமான்னு கேக்கறீங்க."

"சும்மா ஒரு சந்தேகம்."

"உங்களுக்கு வராத சந்தேகமா சார். அம்மா நல்லா இருக்காங்களா? போன வாரம்கூட வந்து..."

கடைக்காரர் அங்கேயே நிறுத்திவிட்டு மீன்வலையைக் கழுவத் தொடங்கினார். கழுவ வேண்டிய வலையாக அது தெரியவில்லை.

"போன வாரம் வந்து?"

"வந்து, நல்லா இருந்தாங்க. அதைத்தான் சொல்ல வந்தேன்."

மறுநாள் அவர் வழக்கம்போல் டிபன் டப்பாவோடு கிளம்பி, தெருமுனைவரை போய், கால்மணி நேரம் ஒரு மருந்துக்கடை வாசலில் நின்று திரும்பி வந்தார். சாவியைச் சத்தமில்லாமல் திருப்பினார்.

கூடத்தில், தொட்டிக்கு முன்னால், அவருடைய முக்காலியில் மனைவி உட்கார்ந்திருந்தாள். கையில் அவருடைய அளவுக் குவளை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மெதுவா, மெதுவா" என்றாள் மீன்களிடம். "எல்லாருக்கும் இருக்கு."

"பிடிச்சுட்டேன்" என்றார் அவர்.

அவள் திடுக்கிடவில்லை. கடைசிச் சொட்டையும் விட்டு முடித்தாள்.

"செருப்பை வெளிய விட்டுட்டு வரக்கூடாதா? இப்பத்தான் துடைச்சேன்."

"எத்தனை நாளா நடக்குது இது?"

"நீங்க சிலிண்டரை மூடின மறுநாள்லேர்ந்து. நீங்க கிளம்பினதும் ஒரு தடவை, வர்றதுக்கு முன்னால ஒரு தடவை."

அவர் செருப்போடு சோபாவில் உட்கார்ந்தார்.

"மூடினது தெரியுமா?"

"குமிழி வரலையே. எனக்குப் பூஜ்யம் வரைக்கும் எண்ணத் தெரியும்."

"திறந்துவிட்டிருக்கலாமே."

"திறந்தா நீங்க திரும்ப மூடுவீங்க. நான் திரும்பத் திறக்கணும். இதுக்குக் கையாலயே ஊத்திடலாம்."

"யார் சொல்லிக்கொடுத்தா? அந்தக் கடைக்காரனா?"

அவள் காலால் அலமாரிக் கதவைத் தள்ளித் திறந்தாள். உட்பக்கம் பதின்மூன்று விதிகள்.

"நீங்கதான். பதினோராவது மட்டும் அவர்கிட்ட கேட்டேன். உங்க கையெழுத்து புரியல."

தன் வீட்டிலேயே தன் கையால் ஒரு போட்டியாளரைப் பயிற்றுவித்திருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஊற்றிக்கொண்டிருந்தாளே என்று நினைத்தபோது, வெட்கத்துக்கும் கீழே வேறு ஏதோ இளகியது. அதைத் திருகிப் பார்க்க நேரமில்லை. ஏனென்றால் அதற்குள் வழி தெரிந்துவிட்டது.

"அப்படின்னா எட்டரையில நிறுத்தினது மிஷின் இல்ல."

"இல்ல."

"யாரு மூடினா என்ன. நாளைக்கு வாயு தீரும், கரண்ட் போகும், குழாய் அடைச்சுக்கும். மிஷினை நம்பி வீட்டைப் பூட்டிக்கிட்டுப் போக முடியாது. வேலை தெரிஞ்ச ஆள் ஒருத்தர் தொட்டியோட இருந்தே ஆகணும். ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேன்."

இவ்வளவு சுலபமாக அவள் எதையும் ஒத்துக்கொண்டதில்லை. வேறு நாளாக இருந்தால் அதை நாலு திருகு திருகியிருப்பார். அன்று சந்தோஷத்தில், வாழ்க்கையிலேயே முதல்முறையாக, ஒரு மூடியைச் சோதிக்காமல் தேர்ச்சி முத்திரை குத்திவிட்டார்.

"அப்ப உங்க அண்ணனுக்குச் சொல்லிடு."

"சொல்லியாச்சு."

"என்னன்னு?"

"வேலை தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வீட்டுல இருக்காங்கன்னு." அவள் குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த வீட்டுல நான் தனியா ஒரு ராத்திரி இருந்ததில்லைங்க. ஏன் லைட் எரியுது, யாரு போன்ல, எதுக்குச் சிரிச்சேன்னு கேக்க ஆள் இல்லாம ஒரு மாசம். மீன் ஒண்ணும் கேக்காது."

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். ஒன்றரை மாதமாகத் தொடாத கவரைக் காந்த வில்லைக்கு அடியிலிருந்து உருவிப் பிரித்தார்.

உள்ளே ஒரே ஒரு டிக்கெட் இருந்தது. அவர் பெயரில். வாங்கிய தேதி, திருமண நாள்.