எது போனால் அழுவீங்கள்?

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்துபோன கப்பல்கள் எல்லாம் சேர்ந்து இறக்கிய சரக்கைவிட அதிகமான சரக்கைக் கப்பல் அண்ணை சாப்பாட்டு மேசைகளில் வைத்தே ஏற்றி இறக்கியிருக்கிறார். ஒரு பொட்டலம்கூடத் தண்ணீரில் விழுந்ததில்லை. இதை எழுதும்போது எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

அவர் கப்பலில் வேலை செய்தவர் அல்லர். மூதூர்ப் படகில் ஒருமுறை ஏறி, கரை வரும்வரை வாந்தி எடுத்தவர். கொம்பியூட்டருக்குப் பெரிய ஹார்ட் டிஸ்க் மாற்றிக் கொடுப்பதுதான் தொழில். நிறைந்துபோன டிஸ்க்கைப் பழைய கப்பல் என்பார், வாங்கி வந்ததைப் புதுக் கப்பல் என்பார், உள்ளே கிடக்கும் படம், கடிதமெல்லாம் சரக்கு. அதனால் ஊரும் அவரைக் கப்பல் அண்ணை ஆக்கிவிட்டது.

அவர் எங்கள் ஓர்ஸ் ஹில் பகுதிக்குக் குடிவரும்வரை எங்கள் ஒழுங்கையின் கொம்பியூட்டர்காரன் நான்தான். என் வைத்தியம் ஒன்றே: எல்லாவற்றையும் வேறிடத்தில் அள்ளிப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பது. வெள்ளையடித்த வீடு மாதிரிப் பளிச்சென்று இருக்கும். ஒரு சாமானும் பழைய இடத்தில் இருக்காது. சனம் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு போனது. கப்பல் அண்ணையோ அப்படியே பெயர்த்து வைத்தார். பாதியில் விட்ட கடிதம்கூடப் பாதியிலேயே கிடந்தது. அதன் பிறகு என்னை ஒருவரும் கூப்பிடவில்லை.

அவருடைய சடங்குகளைக் கேளுங்கள். வந்து கதிரையில் இருந்ததும் முதல் கேள்வி, “எது போனா அழுவீங்கள்?” என்பதுதான். சொன்னதை ஒரு பென் டிரைவில் ஏற்றி, சொன்னவரின் கையில் வைத்துப் பொத்திவிடுவார். வேலை முடியும்வரை கை திறக்கக் கூடாது. பிறகு பழைய டிஸ்க்கில் ஒரு சிவப்பு ஒட்டுப்பொட்டு. திசை மாறி, வெறுங்கப்பலை நிறைகப்பலின் மேல் இறக்கினால் எல்லாம் கடலில் என்பார். ஏற்றம் தொடங்கியதும் திரைக்கு முதுகு காட்டி இருப்பார், பார்த்துக்கொண்டிருந்தால் ஓடாதாம். முடிந்ததும் வீட்டாரை வைத்து ஒரு படம் எடுப்பார். பழைய டிஸ்க்கை அடுத்த பெருநாள்வரை அழிக்கக் கூடாது. இந்து வீட்டில் பொங்கல், கிண்ணியா முதலாளி வீட்டில் நோன்புப் பெருநாள், வேதக்காரரான எங்கள் வீட்டில் கிறிஸ்து பிறந்த நத்தார்.

ஓம், எங்கள் வீட்டிலும்தான். என் மனைவி கேக் அடித்து விற்கிறவள். அவளுடைய கேக் படங்களெல்லாம் இருந்த கொம்பியூட்டர் முக்கத் தொடங்கியதும் அவரைக் கூப்பிட்டாள். நான் இருக்கிறேனே என்றேன்.

“நீங்கள் செய்தா, பிறகு என்ர படங்கள் எங்க கிடக்கெண்டு தேடவே ஒரு கிழமை போகும்,” என்றாள்.

கரண்டை நம்பாத மனிதர், மரக்கறிப் பையில் பெரிய பற்றரியோடு வந்தார். ஃபேனை நிறுத்தினார். நான் பக்கத்தில் நின்றால் சூடு கூடுகிறது என்று என்னை முற்றத்துக்கு அனுப்பினார். என் வீட்டு முற்றத்தில் நின்று, என் வீட்டு யன்னல் வழியாக, நத்தாருக்கென்று எனக்கே காட்டாமல் ஒளித்திருந்த லவ் கேக்கை அவர் சாப்பிடுவதைப் பார்த்தேன். கண்ணாடி அலுமாரிப் பீங்கானில், அதுவும் இரண்டாம் துண்டு. அன்றிலிருந்து அவர் போன வீடுகளுக்கெல்லாம் ஏதாவது சாட்டில் நானும் போனேன். ஒரு பிழையாவது அகப்படாதா என்று நேர்த்திக்கடன் வைக்காத குறை. அகப்படவே இல்லை.

போன வருடம் அவருக்குக் கை நடுக்கம் வந்தது. சின்ன ஆணியைக் கழற்றவும் ஏலாது. ஒருநாள் எனக்கு ஆள் அனுப்பினார். போனால், அவருடைய சொந்தக் கொம்பியூட்டர் நிறைந்து திணறிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் மாற்றியவர் தன்னுடையதை மாற்றவில்லை. ஏன் என்னைக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

“என்னில பிழை பிடிக்கவெண்டே இவ்வளவு காலமும் உன்னிப்பாப் பாத்த ஆள் நீர்தானே, தம்பி. உம்மைவிட ஆருக்கு இந்த வேலை தெரியும்?”

பொட்டை எடுத்துப் பழைய டிஸ்க்கில் ஒட்டினேன். ஒட்டியது சரியா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். இவருடைய சரக்கு என் கையால் கடலில் போனால் நான் எந்த முகத்தோடு ஒழுங்கையில் நடப்பது? பிறகு, “எது போனா அழுவீங்கள்?” என்று அவருடைய கேள்வியை அவரிடமே கேட்டேன்.

வீடு வீடாக எடுத்த படங்களைத் திறந்து காட்டினார். பொத்திய கையோடு சிரிக்கும் சனம். எங்கள் வீட்டுப் படத்தில் நிறுத்தினார். மனைவி சிரிக்கிறாள். பின்னால் வாசல் நிலையைப் பிடித்தபடி நான், அவரைச் சுட்டெரிக்கிற மாதிரிப் பார்க்கிறேன்.

“இதுதான். மனம் சரியில்லாட்டி இதைத்தான் திறந்து பாப்பன். என்னைப் பெரிய ஆளெண்டு நினைச்சு இப்பிடி எரிஞ்சவன் இந்த ஊரில வேற ஆர்?”

அந்தப் படத்தை முதலில் பென் டிரைவில் ஏற்றி, நடுங்கும் கையில் வைத்து விரல்களை மடக்கினேன். அவை மடங்கி நிற்கவில்லை. என் கையையும் மேலே வைத்துப் பொத்தினேன். சரக்கு முழுக்க ஏறும்வரை இருவரும் திரைக்கு முதுகு காட்டி அப்படியே இருந்தோம்.