ஊர்மிளைக்கு வந்த நிஜத் தூக்கம்

மரியாதைக்குரிய பெரிய அண்ணன் அவர்களுக்கு,

திருவொற்றியூரிலிருந்து தங்கை ராமசெல்வி வணக்கத்துடன் எழுதுவது. கடையும் பிள்ளைகளும் சுகம். மதினியும் மருமக்களும் சுகமாக இருக்க முருகன் துணை. போனில் சொன்னால் மதினி ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்கவைப்பார்கள், அதனால் கடிதம்.

எங்கள் வியாபாரிகள் சங்க விழாவுக்கு ராயபுரம் பிராங்கிளின் நாடகம் போட்டார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். ஊர் ஊராக உள்ள ராமாயணங்களைப் படித்து, எல்லோரும் மறந்துபோன பாத்திரங்களுக்கு நியாயம் வாங்கித் தருவதுதான் இப்போது அவருக்கு வேலை. "ராமரு கதை எல்லாருக்கும் தெரியும்க்கா. தெலுங்குப் பொம்பளைங்க பாடுற ராமாயணத்துல லட்சுமணன் பொண்டாட்டி ஊர்மிளை கீறா பாரு, அவதான் மெயினு. புருசன் காட்டுல கண்ணு முழிச்சிக்கினு காவல் காக்கணும்னு, அவன் தூக்கத்தையும் சேத்து இவ பதினாலு வருசம் தூங்குறா. நீதான் ஊர்மிளை" என்றார். மெயின் என்றதும் நானும் தலையாட்டிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, திரை தூக்கியதிலிருந்து மேடை ஓரக் கட்டிலில் படுத்திருந்து, கடைசியில் கண்விழித்து "யார் நீ?" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். பெண்ணுக்கு நியாயம் வாங்கித் தருகிறவர்கள் அவளைப் படுக்கப்போட்டு, வாயை மூடிவிட்டுத்தான் வாங்குவார்கள் போல. லட்சுமணன் யார் தெரியுமா? உங்கள் மாப்பிள்ளைதான். மத்தியானம் கல்லாவிலேயே குறட்டை விடுகிறவர், "உறக்கமே, என்னை நெருங்காதே!" என்று பக்கம் பக்கமாகப் பேசினார். விடியுமுன் பால் பாக்கெட் இறக்குகிறவள் நான். கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த ஊரில் யாரும் என்னைப் பார்த்துப் படு என்று சொன்னதில்லை. பிராங்கிளின் சொன்னார், மெத்தை போட்டார், ஃபேனும் போட்டார். உண்மையாகவே தூங்கிவிட்டேன் அண்ணே.

ராவணன் செத்ததும் தெரியாது, பட்டாபிஷேகமும் தெரியாது. யாரோ தோளைத் தொட்டு, "ஊர்மிளா, கண் திற" என்கிறார். நான் கண்ணைத் திறக்காமலே, "கடை சாத்தியாச்சு, காலையில வாங்க" என்று சொல்லித் திரும்பிப் படுத்துவிட்டேன். கைதட்டல் அடங்கவே இல்லையாம். ஒரு பேராசிரியர் மைக்கைப் பிடித்து, திரும்பிப் பாராமல் போன கணவனுக்கு ஊர்மிளை இதயக் கதவைச் சாத்தியது எந்த ராமாயணத்திலும் இல்லாத புரட்சி என்றாராம். அதையும் நான் கேட்கவில்லை. பந்தல்காரர் நசீர் வந்து, "யக்கா, ராமரே வூட்டுக்குப் போய்ட்டாரு. கட்டிலு வாடகைக்கு எடுத்தது, ஏந்திரு" என்றபோதுதான் எழுந்தேன்.

"ஒனக்கு இருந்ததே ஒத்த வசனம். அதையும் மாத்திப் பேசி என்னயக் கேவலப்படுத்திட்டியே" என்றார் உங்கள் மாப்பிள்ளை. அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. கடைக்கு வருகிறவர்களும் சும்மா இல்லை. "இன்னா நைனா, தொறந்து கீதா, சாத்தியாச்சா?" என்கிறார்கள். அந்தக் கோபத்தையும் என்மேல் காட்டி, சோறு வேண்டும் என்பதைக்கூடப் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புகிறார். நீங்கள் உடனே புறப்பட்டு வந்து சமாதானம் செய்யவேண்டும். இனி எந்த மேடையிலும் ஏறமாட்டேன், வடிவுடையம்மன்மேல் சத்தியம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

மதினிக்கு வணக்கம், மருமக்களுக்கு என் ஆசி.

அன்புத் தங்கை,
ராமசெல்வி

பி.கு.: வரவேண்டாம். இப்போதுதான் பிராங்கிளின் வந்துபோனார். அடுத்த நாடகத்தில் நான் சூர்ப்பணகை. "மூக்கறுக்குற சீன் கீதுண்ணே" என்றதும் உங்கள் மாப்பிள்ளை முகம் மலர்ந்து லட்சுமணனாக ஒத்துக்கொண்டார். யார் மூக்கு என்று அவர் கேட்கவில்லை. நான் தனியாகக் கேட்டேன். லட்சுமணன் மூக்குதானாம். எந்த ஊர் ராமாயணத்தில் அப்படி இருக்கிறது என்றேன். "நம்ம ராயபுரத்து ராமாயணம்க்கா, இனிமேதான் எழுதணும்" என்றார். சீக்கிரம் எழுதச் சொல்லியிருக்கிறேன்.