கம்பெனி மாடிக்கு ஓர் உத்தரவு

"இந்த ஊட்ல என்ற பேச்சுக்கு என்னைக்காச்சும் மருவாதி இருந்திருக்குதா? நாய் குலைச்சாக்கூட எந்திரிச்சுப் போய் எட்டிப் பாக்கறே. நான் பேசுனா திரும்பக்கூட மாட்டீங்கறே."

இது என் வீட்டுக்காரர் மருதாசலத்தின் புகார். ஒரு வார்த்தை மாற்றாமல் தந்திருக்கிறேன். நாய் விஷயம் உண்மைதான். அது காரணத்தோடு குலைக்கிறது.

சண்டை, எங்கே குடியிருப்பது என்பது பற்றி. அவருக்கு அருள்புரத்தில் பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனி. ராத்திரி பகலாக மிஷின் ஓடும். நைட் ஷிப்டில் ஓர் ஊசி உடைந்தால் போதும், காலையில் இவர் போய்ச் சேர்வதற்குள் துணி முழுக்க ஓட்டை. அதனால் ஊருக்குள் ராயபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, கம்பெனி மாடியிலேயே குடியேற வேண்டுமாம். மேலே சமைத்துக்கொண்டே நானும் கீழே ஒரு கண் வைத்துக்கொள்ளலாமாம்.

அந்த மாடியை நான் பார்த்திருக்கிறேன். டீ டம்ளரைத் தரையில் வைத்தால் கீழே மிஷின் ஓடுகிற அதிர்வில் அது தானாக நகர்ந்து வாசலுக்குப் போகும். எனக்கென்று இருப்பது இந்த வீடும் இதன் அமைதியும்தான். முடியாது என்றேன்.

கெஞ்சினார். கோபித்துக்கொண்டார். ஒருவேளை சாப்பிடாமலும் இருந்து பார்த்தார். மறுவேளை கறிக்குழம்பு வைத்தேன். போராட்டம் முடிந்தது.

பிறகு திடீரென்று சாதுவாகிவிட்டார். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் நித்யஸ்ரீ, தீபாவளிக்கு வந்தபோது குறி பார்க்கிற டேரட் சீட்டுக்கட்டு ஒன்றை அலமாரியில் விட்டுப் போயிருந்தாள். நான் படித்த கான்வென்டில் சீட்டுக்கட்டு என்று சொன்னாலே முட்டி போட வைப்பார்கள். இவரோ அதை எடுத்து வைத்துக்கொண்டு, தனக்குத் தானே சீட்டுப் பார்ப்பது எப்படி என்று போனில் வீடியோ பார்த்துப் படித்தார். பெரிய வித்தை ஒன்றுமில்லை. மனதில் ஒரு கேள்வி. கட்டைக் கலைத்து, இடது கையால் வெட்டி, மூன்று சீட்டு எடுக்க வேண்டும். முதலாவது நேற்று, அடுத்தது இன்று, கடைசி நாளை. நூல் லோடு வருமா என்று தினமும் சீட்டைக் கேட்டார். லாரி டிரைவரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை குளித்து, திருநீறு பூசி, சீட்டுக்கட்டோடு சாமி ரூமுக்குள் போய் என்னைக் கூப்பிட்டார்.

"முருகன் முன்னாடி வெச்சுக் கேக்கப் போறேன். பூ கேக்கற மாதிரித்தான். என்ன வந்தாலும் கட்டுப்படோணும். சம்மதமா?"

அவர்கள் குடும்பத்தில் பூ கேட்பது விளையாட்டு இல்லை. போர்வெல் போடுவதோ பெண் எடுப்பதோ, வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக முருகன் காலடியில் வைத்து ஒன்றை எடுப்பார்கள். வந்தது வந்ததுதான். மறுபடி கேட்டால் சாமி குத்தம்.

"சாமி சொன்னா எனக்கும் சரிதானுங்க," என்றேன்.

சூடம் ஏற்றினார். கம்பெனி மாடிக்குக் குடி போகலாமா என்று உரக்கக் கேட்டார். சீட்டைக் கலைத்தார். அடியிலிருந்து உருவி நடுவில் சொருகினார். மறுபடியும் அடியிலிருந்து உருவினார். மேலே இருந்த சீட்டுகள் அசையவே இல்லை. வெட்டவும் இல்லை. ஏனென்று கேட்டதற்கு, சாமி முன்னால் இடது கையா என்றார்.

முதல் சீட்டில் ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்து சுத்தியலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். அது நேற்று வரை தான் உழைத்த உழைப்பாம். அடுத்ததில் ஒருவன் ரதத்தில் நின்றான். அது சாமான் ஏற்ற வண்டியாம். மூன்றாவதைத் திருப்பும்போது அவர் முகம் மலர்ந்துவிட்டது. மலை உச்சியில் ஒரு தாடிக்காரர், கையில் லாந்தர்.

"பாத்தியா? உசரத்துல நின்னு லைட் புடிச்சுப் பாக்கறான். நைட் ஷிப்ட் மேற்பார்வை. முருகனே சொல்லீட்டான். சாமானைக் கட்டு அம்மணி."

நான் குனிந்து மூன்றையும் பார்த்தேன்.

"ஏனுங்க, இதுல நான் எங்கீங்க?"

"என்னது?"

"பெஞ்சுல ஒருத்தன், ரதத்துல ஒருத்தன், மலை மேல ஒருத்தன். பொம்பளையவே காணமுங்களே."

"எடம் பத்தாம உட்டிருப்பான்."

"ஜோடியா நிக்கற சீட்டு இந்தக் கட்டுல எத்தனையோ இருக்குதுங்க. முருகன் அதுல ஒண்ணையும் குடுக்கலை. இந்த லாந்தர்காரர் பேரு ஹெர்மிட். கீழயே எழுதியிருக்குது. சம்சாரத்தை உட்டுட்டுத் தனியாப் போய் இருக்கறவருங்க. அதுமில்லாம, தனக்குன்னு பாத்த சீட்டு தனக்கு மட்டுந்தான்னு உங்க வீடியோவுலயே சொன்னாங்க. நானும் அடுப்படில இருந்து கேட்டுட்டுத்தானுங்க இருந்தேன்."

அவர் கட்டை மறுபடி கையில் எடுத்தார், கீழே வைத்தார். இன்னொரு தடவை எடுக்கலாம் என்றால் சாமி குத்தம். சீட்டை மேலே அடுக்கி வைத்ததே தான்தான் என்றால் அது அதைவிடப் பெரிய குத்தம். சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே அவருக்கு மட்டும் பாய், டேபிள் ஃபேன், வேட்டிகள் எல்லாவற்றையும் நானே கட்டிக் கொடுத்தேன். ஊறுகாய்கூட வைத்தேன். மகளுக்குப் போன் செய்து சொன்னபோது, அப்பா டேரட் கத்துக்கிட்டாரா, சூப்பர் என்றாள்.

மேற்பார்வை நன்றாகவே நடந்ததாகக் கேள்வி. இவர் விடிய விடிய முழித்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ஆப்பரேட்டர்கள் பாவப்பட்டு டீ வாங்கிக் கொடுத்தார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். கண் இரண்டும் சிவப்பு. காதில் கம்பெனிப் பஞ்சு. என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் நேராகச் சாமி ரூமுக்குப் போய் நின்றார். அடுப்படி வரைக்கும் கேட்கிற சத்தத்தில்தான் வேண்டினார்.

"முருகா, நான் ஊட்டுக்கே வந்தரட்டுமா?"

முருகன் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் குழம்பைக் கிளறுகிற வேலை இருந்தது.

அடுப்படிப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"செரி, இன்னைக்கு ஒருவேளை சோறாச்சும் உண்டுட்டுப் போகட்டுமா?"