அமரத்துவம் வாய்ந்த அக்கா

நாட்டில் காதல் எவ்வளவு பெருகினாலும், அதை வகை பிரித்து அடுக்க ஓர் அலுவலகம் அவசியம் என்பதில் ஆன்றோரிடையே கருத்து வேறுபாடு இருந்ததில்லை. நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கித் தரும் அந்த அலுவலகத்தின் மாடியில், கழிப்பறைக்குப் பக்கத்து அறை காதல் நாவல்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. நாயகன் உயிரோடு இருந்தால் சமூகக் காதல். ராஜா காலத்து ஆள் என்றால் சரித்திரக் காதல். செத்த பிறகும் சும்மா இருக்காமல் காதலித்தால் ஆவிக் காதல். செத்தவன் ராஜகுமாரனாகவும் இருந்து தொலைத்தால் சரித்திர ஆவிக் காதல். இப்போது சக்கைப்போடு போடுவது இந்தக் கடைசி வகைதான். உயிரோடு இருக்கும் ஆண்பிள்ளைகளை நம்பி நாவல் வாங்க ஆளில்லை.

அந்த அறையின் மதிப்புரையாளருக்கு அலுவலகம் வைத்த பெயர் உயிரோட்டம். எந்தப் புத்தகம் வந்தாலும் ‘உயிரோட்டமான நடை’ என்றுதான் பிள்ளையார் சுழி போடுவார். அட்டையில் வாள் இருந்தால் சரித்திரம், புகை இருந்தால் ஆவி, இரண்டும் இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு எழுதுவார். உள்ளே திறந்து பார்ப்பது அட்டை வரைந்தவரை அவமதிப்பதாகும் என்பது அவர் கொள்கை.

அந்தக் கொள்கையைக் கெடுத்தவள் அவருடைய அக்கா. தொலைபேசி நிலையத்தில் அடுத்தவர் காதலுக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தே ஓய்வு பெற்றவள். அம்மா போன பிறகு தம்பியை ஆளாக்கியதும் அவள்தான். அவள் ஒரு நாவல் எழுதி, சொந்தமாக அச்சடித்துக் கொண்டுவந்து, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“படிடா. நான் பார்த்துக்கிட்டிருக்கேன்.”

வேறு வழியில்லாமல் திறந்தார். ‘ராஜகுமாரன் செத்துப் பல காலம் ஆகியும், அவனுக்கு வந்த அழைப்பு மட்டும் காத்திருப்பில் இருந்தது’ என்று ஆரம்பித்தது. இறந்துபோன ராஜகுமாரன் தொலைபேசி நிலையத்துப் பெண்ணைக் காதலிக்கிற கதை. அலைந்து அலைந்து முழங்கால் தேய்ந்துபோன ஆவி அவன். வரும்போதெல்லாம் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவான். உயிரோட்டம் சிரித்தார், கடைசியில் கைக்குட்டையைத் தேடினார். நல்ல நாவல் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

உண்மையைச் சொல்ல அவரிடம் வார்த்தை மிச்சமில்லை. இருந்ததையெல்லாம் பொய்க்கே செலவழித்துவிட்டார். யோசித்து யோசித்து, அதுவரை தொடாத ஒரு சொல்லைப் போட்டார்: ‘அமரத்துவம் வாய்ந்த எழுத்தாளர்.’

அடுத்த வாரம் ஆணை வந்தது. ‘அமரர் எழுதிய நாவலை எல்லா நூலகங்களும் வாங்கலாம். அன்னாரின் மறைவுக்கு இவ்வலுவலகம் இரங்கல் கூட்டம் நடத்தும்.’

அக்காவை அழைத்துக்கொண்டு அதிகாரியிடம் ஓடினார். அதிகாரி நிதானமானவர், இலக்கணம் படித்தவர்.

“அமரத்துவம் வந்தவங்க அமரர். அமரர்னா காலமானவங்க. இதுல எங்க தப்பு?”

“சார், அக்கா இதோ நிக்கறாங்க!”

“அம்மா, நீங்க சமூகக் காதல் எழுதியிருந்தா நேர்ல வந்ததே போதும். எழுதினது ஆவிக் காதல். இந்தப் பிரிவுல ஒருத்தர் வந்து நிக்கறதும் பேசறதும் உயிரோட இருக்கறதுக்குச் சாட்சி ஆகாது.”

“என்ன சார் பேசறீங்க? கதவைத் தட்டிட்டுத்தானே உள்ள வந்தேன்?”

அதிகாரி மதிப்புரையை எடுத்துப் படித்தார். “‘கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரும் பண்புள்ள ஆவி.’ உங்க தம்பி எழுதினதுதான்.”

“எனக்கு முழங்கால் வலிக்குதுய்யா!”

“‘முழங்கால் வலி உள்ள ஆவியைப் படைத்திருப்பது புதுமை.’ அதுவும் இருக்கு. நீங்க பேசப் பேச உங்க பக்கம்தான் பலவீனமாகுது.”

உயிரோட்டம் குறுக்கே புகுந்தார். “சார், அந்த மதிப்புரையைத் திரும்ப வாங்கிக்கறேன்.”

“ஒண்ணு தப்புன்னு ஆனா மத்ததெல்லாம் என்ன ஆகும்? அதை நம்பி வாங்கி அடுக்கினது? கட்டடமே தாங்காதுய்யா.” அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “ஒரு வழி இருக்கு. நாவல் மட்டம்னு எழுதிக் கொடுங்க. மட்டமான நாவலுக்கு அமரத்துவம் கிடையாது. அமரத்துவம் இல்லன்னா அமரர் இல்ல. உயிர் தானா வந்துடும். நூலக ஆணைதான் போயிடும்.”

உயிரோட்டம் அக்காவைப் பார்த்தார்.

“மட்டம்னு எழுதுவியாடா நீ?” என்றாள் அவள். “அதுக்கு நான் செத்தே இருந்துட்டுப் போறேன்.”

இரங்கல் கூட்டத்துக்கு நல்ல கூட்டம். அக்கா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர் கேட்டதற்குத் தூரத்துச் சொந்தம் என்றாள். முதலில் பேசிய விமர்சகர், காலம்சென்றவர் ஒவ்வோர் அத்தியாயத்தையும் தன்னிடம் படித்துக் காட்டிய பிறகுதான் அச்சுக்கு அனுப்பினார் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். அடுத்தவர், உயிரோடு இருந்தபோது இந்தச் சமூகம் அவரைக் கண்டுகொள்ளவில்லையே என்று சமூகத்தைக் கிழி கிழியென்று கிழித்தார். அக்காவுக்கு உள்ளம் குளிர்ந்துதான் போனது. கூட்டம் முடிந்ததும் விமர்சகரைப் போய்ப் பிடித்தாள்.

“அந்த ராஜகுமாரன் கடைசியில என்ன ஆனான், சார்?”

“அதை ஏம்மா கேக்கறீங்க! செத்துடறான்மா. அந்த இடத்துல நான் அழுதுட்டேன்.”

“அவன் முதல் வரியிலயே செத்துட்டானே?”

விமர்சகர் அவசரமாக வேறொரு துக்கத்துக்குக் கிளம்பினார்.

வீட்டுக்கு வந்து அக்கா தன் நாவலை எடுத்துத் தூசி தட்டினாள். பிறகு சொன்னாள்: “ஒருத்தன்கூட பக்கத்தைத் திறக்கலடா. நீ மட்டம்னே எழுதிடு. உயிரோட இருந்து இன்னொண்ணு எழுதிக்கறேன்.”

குப்பையையெல்லாம் கூசாமல் புகழ்ந்த கை, ஒரு நல்ல நாவலைத் திட்டச் சொன்னதும் பேனாவைத் தொட மறுத்தது. கண்ணை மூடிக்கொண்டு எழுதி, அதிகாரியிடம் நீட்டினார். அதிகாரி படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“என்னய்யா இது? மறைஞ்சவங்களைப் பத்தி இப்படியா எழுதறது? பண்பாடுன்னு ஒண்ணு வேணாமா?”

“நீங்கதானே சார் சொன்னீங்க?”

“இரங்கல் கூட்டத்துக்கு முன்னாடி சொன்னேன்.” அதை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, கதவைச் சாத்தினார். மேசைக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். அட்டையில் வாளும் புகையும் இருந்தன. “நானும் ஒண்ணு எழுதியிருக்கேன். அந்த ஒரு வார்த்தையைப் போட்டு விடுங்க.”

“சார், எல்லாரும் அமரர் ஆயிட்டா அப்புறம் படிக்கறதுக்கு யாரு இருப்பா?”

“உயிரோட இருக்கறப்ப மட்டும் யாருய்யா படிச்சா?”

உயிரோட்டத்துக்கு இப்போது கெட்ட பழக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. புத்தகத்தைத் திறந்தார். முதல் பக்கத்தைப் பார்த்ததும் மூடி, பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

“அக்கா, உன் நாவலை ஒருத்தர் வரி விடாம படிச்சிருக்காரு.”

“யாருடா? யாரு?” அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்தது. அதிகாரியின் புத்தகத்தை அவள் மடியில் வைத்தார். அக்கா பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

“நான் எழுதினதுல ஒரு கமாகூட மாறலயேடா,” என்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கண் கலங்கி, “படிச்சிருக்காருல்ல?” என்று மட்டும் கேட்டாள்.

அன்று உயிரோட்டம் எழுதிய மதிப்புரை ஒரே வாக்கியம். ‘இந்நாவலில் அமரர் ஒருவரின் கைவண்ணம் வரிக்கு வரி தெரிகிறது.’ அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அலுவலகம் அதைத் தன் வழக்கப்படி புரிந்துகொண்டது. அதிகாரியின் நாவலுக்கு நூலக ஆணை கிடைத்தது. அவர் நாற்காலி வேறொருவருக்குக் கிடைத்தது. பழைய அதிகாரி கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய், தாம் உயிரோடு இருப்பதாக எடுத்துரைத்தார். “தட்டிட்டுத்தானே வந்தீங்க?” என்று புது அதிகாரி அன்பாகக் கேட்டார். அவர் மேசைக்குள்ளும் ஒரு நாவல் இருந்தது.

இரங்கல் கூட்டத்தில் அதே விமர்சகர் அதே இடத்தில் அழுதுகொண்டிருந்தபோது, பழைய அதிகாரி தலையைக் குனிந்தபடி கடைசி வரிசைக்கு வந்தார். அங்கே உட்கார்ந்திருந்த அக்கா, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

“உக்காருங்க சார். பேசறவங்க யாரும் உங்க நாவலைப் படிக்கல. நான் படிச்சிருக்கேன். ரொம்ப நல்லா எழுதியிருக்கேன்.”