அரூர் இருக்கிற இடம் தப்பு

அரூரில் வானத்தை மிக அதிகமாகப் பார்த்தவரும் வானத்தில் எதையுமே பார்க்காதவரும் ஒரே ஆள்தான். அவர் பேட்டரி பாய். சேலம் சாலையில் இன்வெர்ட்டர், பேட்டரி விற்கும் கடை வைத்திருந்தார். மின்சாரம் போனால் ஊர் அவரைத் திட்டிக்கொண்டே தேடும். அவர் சந்தோஷமாக இருப்பார். வியாபாரம் நடக்கும் என்பதற்காக அல்ல, தெருவிளக்கு அணைந்தால் நட்சத்திரம் தெரியும் என்பதற்காக. தெரிந்து அவர் என்ன செய்தார் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் அப்போது ஒரு நாளிதழின் அரூர் நிருபர். புளி மண்டி வைத்திருந்த ஒருவரின் வீட்டில் கீழே நான் குடியிருந்தேன். மேலே பாயும் அவர் மனைவியும். அதற்கும் மேலே மொட்டை மாடி. அங்கே இடுப்பளவு கான்கிரீட் தூண், அதன்மேல் மோட்டார் பொருத்திய டெலஸ்கோப், அதன் பின்னால் ஒரு கேமரா, அதிலிருந்து ஒயர் போய்ச் சேரும் ஒரு லேப்டாப். லேப்டாப்பில் உள்ள சாஃப்ட்வேரில் 'சனி' என்று சொடுக்கினால், மோட்டார் முனகிக்கொண்டே டெலஸ்கோப்பைத் திருப்பிச் சனிக்கு நேராக நிறுத்த வேண்டும். உலகம் முழுவதும் அப்படித்தான் நடக்கிறது. அரூரில் மட்டும் அது சனிக்குப் பக்கத்துத் தெருவில் போய் நின்றது.

ஒருநாள் ஒரு படத்தோடு என் வாசலுக்கு வந்தார்.

"ரிப்போர்ட்டர் சார், உங்க பேப்பர்ல போடுங்க. அரூர்ல இருந்து எடுத்த ஓரியன் நெபுலா. வானத்துல இருக்கற ஒளி மேகம்."

பார்த்தேன். கறுப்பு. அங்கங்கே சில புள்ளிகள்.

"நெபுலா எங்கங்க பாய்?"

"படத்துக்கு வெளிய. இடது பக்கம்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. படத்தின் இடது ஓரத்தில் சிவப்பாக ஓர் அம்புக்குறியும் போட்டிருந்தார். அது வெளியே என் வீட்டுக் கதவைக் காட்டியது. திறப்பு விழாப் படங்களில் அமைச்சரின் தலை வெட்டுப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். விழாவே வெட்டுப்பட்ட படத்தை அன்றுதான் பார்த்தேன்.

"குறி கொஞ்சம் தள்ளிப் போவுதுங்க," என்றார் பாய். "சரி பண்ணிடலாம்."

சரி பண்ணுவது என்ற சொல்லுக்கு அவரிடம் தனிப் பொருள் இருந்தது. தன்னைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுவது. முதலில் தூணைச் சந்தேகப்பட்டார். கொத்தனாரைக் கூட்டி வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்து, தூணை இடித்துவிட்டு வேறு தூண் கட்டினார். குறி அதே அளவு தள்ளிப் போனது.

அடுத்து வடக்கு வீட்டுத் தண்ணீர் டேங்க். இந்த மாதிரி டெலஸ்கோப்பைத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும். நம் பக்கத்தில் அது அடிவானத்திலிருந்து நீட்டிய கையில் மடக்கிய முட்டி அளவு உயரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். அந்த இடத்தில் டேங்க் உட்கார்ந்திருந்தது. பாய் மதில் ஓரம் நின்று அந்த வீட்டு அம்மாவிடம் முறையிட்டார்.

"உங்க டேங்க்குக்குப் பின்னால துருவ நட்சத்திரம் மாட்டிக்கிச்சுங்கம்மா."

"எங்க வூட்டு டேங்க்ல தண்ணியே நிக்க மாட்டேங்குது. நட்சத்திரம் எப்பிடிங்க வந்து மாட்டும்?"

இரண்டு வாரம் நச்சரித்து, தானே ஆள் வைத்து டேங்க்கை நகர்த்திக் கொடுத்தார். துருவ நட்சத்திரம் தெரிந்தது. அதற்கு நேராக எல்லாவற்றையும் திருப்பி முறுக்கினார். பிறகு 'சனி' என்று சொடுக்கினார். டெலஸ்கோப் எப்போதும்போல மேற்கே, நீட்டிய கையில் இரண்டு விரல் அகலம் தள்ளிப் போய் நின்றது.

ஒரு தவறு எப்போதும் ஒரே பக்கமாக, ஒரே அளவு நடந்தால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கும். இதற்கு வானியல் படிக்க வேண்டியதில்லை. தாலுகா ஆபீஸில் ஒரு கோப்பு எப்போதும் ஒரே மேஜையில் நிற்பதைப் பார்த்தவனுக்கே தெரியும். சொன்னேன். பாய் என்னைப் பார்த்த பார்வையில், பேப்பர்காரனுக்கு வானத்தைப் பற்றி என்ன தெரியும் என்று எழுதியிருந்தது. மறுநாள் மோட்டாரைப் பிரித்து, பல்சக்கரங்களைத் துடைத்து, கிரீஸ் தடவி மூடினார். ஒரு ஸ்க்ரூ மிச்சமானது.

"இது தேவையில்லாத ஸ்க்ரூங்க. கம்பெனிக்காரன் சும்மா போட்டு வச்சிருக்கான்."

இதில் வயிற்றெரிச்சலான விஷயம், தீர்வு அந்த சாஃப்ட்வேரிலேயே இருந்தது. டெலஸ்கோப் போய் நின்ற இடத்தை அது படம் எடுக்கும். நட்சத்திர வரைபடத்தோடு ஒப்பிடும். 'நீ நிற்பது இங்கே, போக வேண்டியது அங்கே' என்று தானே திருத்திக்கொள்ளும். பாய் அதை அணைத்து வைத்திருந்தார்.

"அது வழி கேட்டு வழி கேட்டுப் போறதுங்க. நம்ம மெஷினு நேராப் போவணும்."

"சனி கண்ணுக்கே தெரியுது. கையால திருப்பி வைங்களேன்?"

"கையால திருப்புனா அது வெறும் குழாய். தானாப் போனாத்தான் டெலஸ்கோப்பு."

இப்படி ஒரு கொள்கையை வைத்துக்கொண்டு அவர் கடைசியாகச் சந்தேகப்பட்டது அரூரை. சாஃப்ட்வேருக்கு நாம் இருக்கும் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைச் சொல்ல வேண்டும். பாய் சரியாகத்தான் கொடுத்திருந்தார். ஒருநாள் அந்த எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்ததில், ஊரை மேற்கே நகர்த்தி, குடகுப் பக்கம் கொண்டுபோய் வைத்தால் குறி அச்சாக விழுவதைக் கண்டுபிடித்தார். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டுவிட்டுப் படம் எடுத்திருப்பார்கள். பாய் தாலுகா ஆபீஸுக்குப் போய்விட்டார். சர்வேயர் முன்னால் உட்கார்ந்து, அரூர் இருக்கிற இடம் தப்பு என்றார். நான் வேறு செய்திக்காக அங்கே நின்றிருந்தேன். தெரியாதவன்போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சர்வேயர் பொறுமையானவர். "பாய், ஊரு நவுந்துடுச்சுன்னு வைங்க. இத்தன பேரு பட்டாவ நான் என்னங்க பண்றது?"

"அப்ப என்னதான் பண்றது?"

"பேசாம குடகுன்னே போட்டுக்கங்க. ஆரு கேக்கப் போறாங்க?"

"நான் குடகுல இல்லீங்களே! மெஷின்கிட்டப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

அந்த நேர்மையை அவர் பேட்டரி வாரண்டியில் காட்டியிருந்தால் அரூரில் பாதிப் பேர் அவரைக் கும்பிட்டிருப்பார்கள்.

இந்த நிலையில்தான் வீட்டுக்காரர் வந்தார். கம்பைநல்லூரிலும் அவருக்கு ஒரு மண்டி உண்டு. புளி வரத்து அதிகமாகி, மூட்டை அடுக்க இடம் போதவில்லை. மொட்டை மாடிக்கு மேலே ஷீட் போட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தார்.

ஷீட் போட்டால் வானம் போய்விடும். அரூரில் இன்னொரு மாடி பிடித்து, இன்னொரு தூண் கட்ட எந்த வீட்டுக்காரர் விடுவார்? ஷீட் வந்தால் டெலஸ்கோப் பெட்டிக்குள் போய்விடும், அவ்வளவுதான்.

"அண்ணே, வேண்டாங்கண்ணே. இங்க இருந்து சனியோட வளையத்தையே பாக்கலாம்."

"நீங்க பாத்திருக்கீங்களா பாய்?"

"இன்னும் இல்லீங்கண்ணே," என்றார் பாய். மெஷினிடம் பொய் சொல்லாதவர் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை.

"சரி," என்றார் மண்டிக்காரர். "ஞாயித்துக்கிழம பொழுது சாய வர்றேன். ஷீட் போடற ஆளையும் கூட்டியாறேன். அந்த வளையத்த என் கண்ணுக்குக் காட்டுங்க, விட்டுடறேன். இல்லாட்டி அவன் அளவு எடுத்துடட்டும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பாய் தொழுகையை முடித்துவிட்டு மாடிக்கு ஏறி, கேமராவைக் கழற்றி, கண்ணால் பார்க்கும் லென்ஸை மாட்டினார். சனி தலைக்கு மேலே நன்றாகத் தெரிந்தது. குழந்தையால்கூட விரலால் காட்ட முடியும். பாய் சொடுக்கினார். மோட்டார் முனகியது. மண்டிக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார்.

"ஒண்ணுமில்லீங்களே."

"நல்லாப் பாருங்கண்ணே."

"நல்லாத்தான் பாக்கறேன். நல்லாவே ஒண்ணுமில்ல."

ஷீட் ஆள் டேப்பை இழுத்தார். "அண்ணே, அளவு எடுத்துக்கட்டுங்களா?"

பாய் மறுபடி சொடுக்கினார். மறுபடியும் இரண்டு விரல் மேற்கே. "பாய், இன்னிக்கு ஒருநாள் குடகுல இருங்களேன்," என்று அவர் காதில் சொன்னேன். "இல்லாட்டி கையால திருப்புங்க."

அவர், "திருட்டுத்தனமா ஒரு சனியக் காட்டி மாடியக் காப்பாத்தச் சொல்றீங்களா சார்?" என்றார். அந்த நேரத்தில் அவரைத் தூணோடு சேர்த்துக் கட்டிவைக்க வேண்டும்போல இருந்தது எனக்கு.

அப்போது பாயின் மனைவி, பாயம்மா, டீ கொண்டு வந்தார். மண்டிக்காரர் டம்ளரை வாங்கிக்கொண்டு, "கம்பைநல்லூர் போவணும். மணி என்னம்மா ஆவுது?" என்றார்.

பாயம்மா லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். "ஏழரைங்க."

நானும் பார்த்தேன். லேப்டாப்பில் ஏழு நாற்பது.

இங்கே அந்த வீட்டின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் பல வீடுகளில் உள்ளதுதான். பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று கடிகாரத்தைப் பத்து நிமிடம் கூட்டி வைப்பார்கள். பாய் வீட்டில் சுவர்க் கடிகாரம், அலாரம், கடைக் கடிகாரம் எல்லாமே அப்படி. லேப்டாப் மட்டும் ஏன் தனியாக இருக்க வேண்டும் என்று பாய், இணையத்திலிருந்து தானாக நேரம் எடுக்கும் வசதியை நிறுத்திவிட்டு, அதையும் கூட்டி வைத்திருந்தார். யாரும் ஏமாறுவதில்லை. எல்லோரும் பார்க்கிற நேரத்தில் பத்தைக் கழித்துக்கொள்வார்கள், மூச்சு விடுவதுபோல.

பாயின் கையிலிருந்த டீ பாதி வழியில் நின்றது.

"ஷமீமு, அதுல என்ன காட்டுது?"

"ஏழு நாப்பது."

"நீ என்ன சொன்ன?"

"ஏழரை. பத்து கழிச்சுக்கணும்னுதான் எல்லாருக்கும் தெரியுமே."

சனி இப்போது எங்கே இருக்கும் என்பதைச் சாஃப்ட்வேர் லேப்டாப்பின் நேரத்தை வைத்துத்தான் கணக்கிடும். வானம் நிற்பதில்லை, பத்து நிமிடத்தில் சரியாக அந்த இரண்டு விரல் அகலம் மேற்கே நகர்ந்துவிடும். பத்து நிமிடம் கழித்துச் சனி எங்கே இருக்குமோ அங்கே அந்த டெலஸ்கோப், சொன்ன சொல் தவறாமல், இத்தனை காலமும் போய் நின்று காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

மண்டிக்காரர் விஷயத்தை மெதுவாகப் பிடித்தார். பிடித்தபின் விடவில்லை. "எல்லாருக்கும் தெரியும், சரிங்க பாய். இந்தக் குழாய்க்கு ஆரு சொன்னாங்க?"

ஊரை நகர்த்திப் பொய் சொல்ல மறுத்தவர், நேரத்தைப் பற்றி அத்தனை நாளும் அதனிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தூணை இடித்து, ஒரு டேங்க்கை நகர்த்தி, ஒரு தாலுகாவையே சந்தேகித்த மனிதர், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு லேப்டாப்பின் நேரத்தைச் சரிசெய்தார். சொடுக்கினார். மோட்டார் லேசாக ஒருமுறை முனகி நின்றது.

மண்டிக்காரர் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"உருண்ட இருக்குது. வளையம் எங்கங்க?"

"குறுக்கால ஒரு குச்சி தெரியுதுங்களா? அதான் வளையம்."

"குச்சியா?"

"இந்த வருசம் அது நமக்குப் பக்கவாட்டா திரும்பிக்கிச்சுங்கண்ணே. தோசைக்கல்ல ஓரமா இருந்து பாத்தா எப்பிடி இருக்கும்? அந்த மாதிரி."

கடைசியில் சனி கிடைத்தபோது வளையம் கிடைக்கவில்லை. இதற்குமேல் ஒரு மனிதனை வானம் கேவலப்படுத்த முடியாது. ஷீட் ஆள் டேப்போடு ஓர் அடி முன்னால் வந்தார்.

"எப்பத் திரும்பும்?" என்றார் மண்டிக்காரர், கண்ணை எடுக்காமல்.

"ரெண்டு மூணு வருசத்துல நல்லா விரிஞ்சிடுமுங்க."

மண்டிக்காரர் நிமிர்ந்து, மீசையைத் துடைத்துக்கொண்டார். மூட்டையைப் பிரித்து, கடைசிக் கொட்டை வரை கொட்டிப் பார்க்காமல் விலை பேசாதவர் அவர்.

"சரக்க முழுசாப் பாக்காம நான் முடிவு பண்றதில்ல," என்று ஷீட் ஆளிடம் சொன்னார். "நீ போய்ட்டு ரெண்டு மூணு வருசம் கழிச்சு வா." பிறகு மறுபடி குனிந்தார். கம்பைநல்லூர் பஸ் போனபின்தான் இறங்கினார்.

பாய் திருந்தினார் என்று யாரும் நினைக்க வேண்டாம். சாஃப்ட்வேரில் ஒரு சின்னக் கோளாறு இருந்ததாகவும், தானே கண்டுபிடித்துச் சரிசெய்ததாகவும் தெரு முழுக்கச் சொன்னார். இப்போது அனுப்பும் படங்களில் சனி நடுவில்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் கலங்கியிருக்கிறது. அதற்கு அரூர் காற்றைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறார். வேறு காற்றுக்கு யாரிடம் மனுக் கொடுப்பது என்றுகூட என்னைக் கேட்டார்.

எனக்குப் பென்னாகரத்துக்கு மாற்றல் வந்தது. வீடு பார்க்கப் போன இடத்தில், தண்ணீர் எப்போது வரும் என்று கேட்பதற்கு முன்னால், மொட்டை மாடியில் ஷீட் போடும் எண்ணம் உண்டா என்று கேட்டேன்.